புது ஐடியாவை பட்டறையில ட்ரை பண்ண வைக்கறது எப்படி: முழுமையான வழிகாட்டி

வடசென்னையில வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, மாதவரம் பக்கம் இருக்கற தையல் யூனிட், பேக்கிங் குடோன், லேத் பட்டறை மாதிரி 20 பேர்ல இருந்து 100 பேர் வரைக்கும் வேலை பாக்கற எடத்துக்காக எழுதறது இது. ஓனரா இருந்தாலும் சரி, சூப்பர்வைசரா இருந்தாலும் சரி, இந்த வரிசையில போனா வேலைக்கு ஆவும். உதாரணம் எல்லாம் தையல் யூனிட்ல இருந்துதான் குடுக்கறேன், அதைத்தான் கிட்ட இருந்து பாத்திருக்கேன், உங்க தொழிலுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கங்க.

பெரும்பாலான எடத்துல என்ன நடக்குதுன்னா, ஓனர் எங்கயோ ஒரு ட்ரெயினிங் போய்ட்டு வருவாரு, மறுநாளே வாசல்ல ஒரு சஜஷன் பாக்ஸ் தொங்கும், ரெண்டு வாரம் கழிச்சு தெறந்து பாத்தா ரெண்டு பஸ் டிக்கெட்டும் ஒரு பான் பராக் கவரும் கெடக்கும், உடனே "நம்ம ஆளுங்களுக்கு யோசனையே வராதுப்பா"ன்னு முடிவு கட்டிடுவாரு. யோசனை வராம இல்ல. அதை ட்ரை பண்ணிப் பாக்கற செலவு யார் தலையில விழுதுங்கறதுதான் பிரச்சனை. அதனாலதான் இந்த வரிசையில ஐடியா கேக்கறது நாலாவதா வருது. அதுக்கு முன்னாடி இருக்கற மூணையும் தாண்டிட்டு நேரா அங்க குதிச்சவங்கதான் அதிகமா மாட்டிக்கறாங்க.

கைல இருக்க வேண்டியது: ஒரு லாங் சைஸ் நோட்டு, சுவத்துல ஒரு வெள்ளை போர்டு, தனியா எடுத்து வச்ச ஒரு சின்ன தொகை (எவ்ளோன்னு கீழ கணக்கு போட்டிருக்கேன்), வாரத்துல அரை மணி நேரம். சாஃப்ட்வேர், ஆப் எதுவும் வேணாம், மொதல் ஆறு மாசத்துக்கு அது தொல்லைதான்.

நேரம் பாத்து ஆரம்பிங்க. தீபாவளிக்கு முந்தின ரெண்டு மாசம் எம்.சி. ரோட்டுத் துணிக்கடைங்களுக்கு சரக்கு போயிட்டே இருக்கும், அப்ப போய் "புதுசா ஒண்ணு பாக்கலாமா"ன்னா அடிக்க வருவாங்க. அப்புறம் அடைமழை, தெருவுல தண்ணி நின்னா பாதி ஆள் வரமாட்டாங்க, அப்ப எடுக்கற கணக்கு எதுக்கும் உதவாது. பொங்கல் லீவு முடிஞ்சு ஆளுங்க ஊர்ல இருந்து திரும்பி வந்தப்புறம், தை கடைசி, மாசி வாக்குல ஆரம்பிச்சா சரியா இருக்கும்.

1. மொதல்ல கூலியைப் பேசி முடிங்க

பீஸ் ரேட்ல, அதாவது ஒரு பீஸுக்கு இவ்ளோன்னு கூலி வாங்கி, தைக்கற அக்கா ஒருத்தங்க கேட்ட கேள்வியை அப்படியே போடறேன்: "இன்னா சார், நீங்க பாட்டுக்கு மாத்து மாத்துன்றீங்க, சனிக்கெழம கொறஞ்சா யார் குடுப்பா?" இதுக்கு பதில் இல்லாம எந்த ட்ரெயினிங் நடத்தினாலும் வேஸ்ட்டு.

எந்த புது முறையா இருந்தாலும் மொத ரெண்டு மூணு நாள் கை ஓடாது. மாச சம்பளக்காரருக்கு அது சும்மா எரிச்சல், பீஸ் ரேட்காரருக்கு அது பணம். கணக்கு போட்டுப் பாருங்க. ஒரு பீஸுக்கு 6 ரூபா, ஒரு நாளைக்கு 90 பீஸ்னா 540 ரூபா. ட்ரையல் அன்னிக்கு 60தான் ஓடுச்சுன்னா 360. ஒரு நாளைக்கு 180 ரூபா நஷ்டம், ரெண்டு டைலர், மூணு நாள்னா 1,080 ரூபா. ஓனருக்கு இது ஒண்ணுமே இல்ல, தைக்கறவங்களுக்கு ஆளுக்கு 540, வீட்டுச் செலவுக் காசு.

அதனால எல்லாரையும் கூப்ட்டு வச்சு சொல்லுங்க: ட்ரையல்ல இருக்கறவங்களுக்கு அவங்கவங்க போன நாலு வாரத்து சராசரி கூலி கெடைக்கும், கம்மியா ஓடினா நாங்க குடுக்கறோம், அதிகமா ஓடினா அது உங்களுது. அந்த வித்தியாசத்தை அந்த சனிக்கெழமையே குடுத்துடுங்க. "அடுத்த வாரம் சேத்து தரேன்"னு ஒரே ஒரு தடவ சொன்னீங்கன்னா கூட கதை முடிஞ்சுது.

இன்னொரு பயம் இருக்கு, அதை யாரும் வாய் விட்டு சொல்ல மாட்டாங்க. வேகமா பண்ற வழியை காட்டிக் குடுத்தா பீஸ் ரேட்டை கொறைச்சிடுவாங்கங்கற பயம். இது கற்பனை இல்ல, பல எடத்துல நடந்ததுதான், அதனாலதான் நல்ல டைலர் ஒவ்வொருத்தர்கிட்டயும் ரெண்டு மூணு டெக்னிக் இருக்கும், ஓனர் பக்கத்துல வந்தா மட்டும் அது காணாமப் போயிடும். ட்ரையல்ல இருந்து வந்த வேகத்துக்காக ரேட்டை கொறைக்க மாட்டோம்னு எழுதி போர்டுல ஒட்டுங்க. லேத் பட்டறை மாதிரி மாச சம்பள எடத்துல இதே பயம் "ஆளைக் கொறைப்பாங்களோ"ன்னு வரும், அங்க அதுக்கு தகுந்த மாதிரி எழுதுங்க. ஓனர் இதுக்கு ஒத்துக்கலைன்னா இதுக்கு மேல படிக்காதீங்க, நேரம் மிச்சம்.

2. தொடக்கூடாததை எழுதி ஒட்டுங்க

ட்ரை பண்ணுங்கன்னு சொன்னா ஆர்வத்துல ஒருத்தர் ஓவர்லாக் மெஷினோட கார்டை (கை மாட்டாம இருக்க வச்ச மூடியை) கழட்டிடுவாரு, வேகமா ஓடுதுன்னு. மெஷின் கார்டு, கரண்ட் லைன், பாய்லர், கெமிக்கல் கலவை, பையர் (ஆர்டர் குடுத்தவர்) சொன்ன அளவு, இதெல்லாம் லிஸ்ட்ல வரணும். மத்ததெல்லாம் கேக்காமயே ட்ரை பண்ணலாம்னும் அதுலயே எழுதுங்க. தொடக்கூடாதது எதுன்னு தெளிவா இருந்தாதான் மீதியை தைரியமா தொடுவாங்க.

மணலி, எண்ணூர் பக்கம் கெமிக்கல் பிளான்ட்ல இருக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை: வால்வு, பிரஷர், டெம்பரேச்சர் சம்பந்தப்பட்ட எந்த மாத்தத்துக்கும் எழுத்துல அப்ரூவல் வாங்கற முறை ஒண்ணு இருக்கும், அது வழியாத்தான் போகணும். இங்க சொல்ற "சின்னதா பண்ணிப் பாரு" ஃபார்ம் நிரப்பறது, ஸ்டோர் அடுக்கறது, ஷிப்ட் மாத்தறப்ப தகவல் சொல்றது, இந்த மாதிரி வேலைக்கு மட்டும்.

3. இப்ப என்ன நிலைமைன்னு எண்ணுங்க

ரெண்டு வாரம் எதையும் மாத்தாம சும்மா எண்ணுங்க. பொறுமை இல்லாதவங்க விட்டுடற ஸ்டெப் இதுதான், விட்டுட்டா அப்புறம் எது தேவலாம் ஆச்சு, எது ஆகலைன்னு கடைசி வரைக்கும் சண்டை.

ஒரு பிரச்சனையை மட்டும் எடுத்துக்கங்க. நம்ம உதாரணத்துக்கு ஷேடு மாறுறது. ஒரே நீலம்னு வாங்கின துணியா இருந்தாலும் ஒரு தானுக்கும் (துணிச் சுருளுக்கும்) இன்னொரு தானுக்கும் சாயம் லேசா மாறும், கட்டிங் டேபிள்ல நாலஞ்சு தானை ஒண்ணா விரிச்சு வெட்டி, சட்டைக் காலர் ஒரு பக்கம் பாடி (உடம்புத் துணி) ஒரு பக்கம்னு பண்டில் கட்டும்போது நம்பர் ஸ்டிக்கர் விழுந்துச்சுன்னா ஒரு தானோட காலர் இன்னொரு தானோட பாடியில ஏறிடும். செக்கிங்ல வெளிச்சத்துல வச்சாத்தான் தெரியும். அப்புறம் பிரிச்சுத் தைக்கணும், ஆல்ட்டர் கூலி வேற.

செக்கிங் டேபிள்ல ஒரு பேப்பர், ஷேடு மாறி வந்தா ஒரு கோடு, அவ்ளோதான். யார் தைச்சதுன்னு பேர் எழுதாதீங்க. பேர் எழுதின அன்னிக்கே கோடு கொறைஞ்சிடும், தப்பு கொறையாது.

இங்க ரெண்டு விஷயம் தெரிஞ்சு வச்சுக்கணும். ஒண்ணு, எண்ண ஆரம்பிச்ச உடனே எண்ணிக்கை ஏறும். ஹார்வர்ட்ல இருக்கற ஏமி எட்மண்ட்சன் 1990கள்ல ஆஸ்பத்திரி நர்சுங்க மருந்து குடுக்கறதுல வர்ற தப்பை ஆராய்ஞ்சப்ப, நல்ல லீடர் இருக்கற வார்டுலதான் தப்பு அதிகமா பதிவாகி இருந்துச்சு. அங்க தப்பு அதிகமா நடந்துச்சுன்னு இல்ல, பயமில்லாம வெளிய சொன்னாங்க. உங்க யூனிட்லயும் மொத வாரம் கோடு அதிகமானா கத்தாதீங்க, நல்ல சகுனம்.

ரெண்டாவது இதுக்கு நேர் எதிர். அமெரிக்காவுல சிகாகோ பக்கத்துல ஹாதார்ன்னு ஒரு ஃபேக்டரியில 1924ல இருந்து 1932 வரைக்கும் விளக்கு வெளிச்சம், ரெஸ்ட் டைம்னு மாத்தி மாத்தி பாத்தாங்க, வெளிச்சத்தை கூட்டினாலும் உற்பத்தி ஏறுச்சு கொறைச்சாலும் ஏறுச்சுன்னு சொல்லுவாங்க. அந்த கணக்கு எவ்ளோ சரிங்கறதுல இன்னிக்கும் வாக்குவாதம் இருக்கு, ஆனா யாரோ நின்னு பாக்கறாங்கன்னாலே வேலை கொஞ்சம் மாறும்ங்கறது எந்த சூப்பர்வைசருக்கும் தெரிஞ்சதுதான். அதனால மொத ரெண்டு மூணு நாள் எண்ணிக்கையை தனியா குறிச்சு வைங்க, சராசரியில சேக்காதீங்க.

ரெண்டு வார முடிவுல சராசரியை மட்டும் பாக்காதீங்க, எங்க இருந்து எங்க வரைக்கும் போகுதுன்னு பாருங்க. 100 சட்டைக்கு ஒரு நாள் 4, ஒரு நாள் 9ன்னு ஆடுதுன்னு வச்சிக்கங்க. அப்ப ட்ரையல்ல ஒரு நாள் 5 வந்தா அது முன்னேத்தம் இல்ல, வழக்கமான ஆட்டம்தான். இந்த ஒண்ணை புரிஞ்சுக்கிட்டாலே பாதி பொய் வெற்றி காணாமப் போயிடும்.

4. இப்ப கேளுங்க

"ஐடியா சொல்லுங்க"ன்னு கேட்டா எல்லாரும் தரையைப் பாப்பாங்க. கேள்வியை மாத்துங்க. எந்த வேலையை ரெண்டு தடவ செய்யறீங்க? எதுக்காக எழுந்து போறீங்க? எந்த எடத்துல அடுத்தவங்களுக்காக காத்துட்டு நிக்கறீங்க? இதுக்கு உடனே பதில் வரும்.

மீட்டிங் போட்டு கேக்காதீங்க, டீ டைம்ல மெஷின் பக்கத்துல போய் கேளுங்க. கட்டிங் மாஸ்டர் நிக்கற எடத்துல ஹெல்பர் பொண்ணு வாய் தெறக்கவே தெறக்காது, அவரு போனப்புறம் "அண்ணே, ஒண்ணு சொல்லட்டா"ன்னு ஆரம்பிக்கும். பீகார், ஒடிசா தம்பிங்க நெறைய பேர் இருந்தா ரெண்டு பாஷையும் தெரிஞ்ச ஒரு தொழிலாளியை கூட வச்சுக்கங்க, காண்ட்ராக்டரை வச்சுக்காதீங்க, அவரு முன்னாடி உண்மை வராது.

வந்ததுல ஒண்ணே ஒண்ணை எடுங்க. ஒரு வாரத்துல பாத்துடலாமா, ஒரு டேபிள்ல பண்ணலாமா, சரியில்லைன்னா மறுநாளே பழையபடி திரும்பலாமா, புதுசா மெஷின் வாங்காம ஆகுமா? நாலுக்கும் ஆமான்னு வந்தா அதுதான். எடுக்காததை ஏன் எடுக்கலைன்னு சொன்னவங்ககிட்ட நேர்ல சொல்லணும், இல்லைன்னா அவங்க அடுத்த தடவ சொல்ல மாட்டாங்க.

5. முன்கூட்டியே எழுதுங்க

ஹெல்பர் பொண்ணு சொன்னது இது: காலரையும் பாடியையும் தனித்தனியா கட்டறதுக்கு பதிலா ஒரே பண்டிலா கட்டிடலாம், மாறவே மாறாது. நோட்டுல ஒரு பக்கம் எடுத்து அஞ்சு வரி எழுதுங்க.

என்ன மாத்தறோம்: காலரும் பாடியும் ஒரே கட்டு.
என்ன ஆகும்னு நெனைக்கறோம்: 100க்கு 3க்கு மேல போகாது.
எதை எண்ணப் போறோம்: ஷேடு மாறினது, கூடவே காலர் மெஷின் சும்மா நின்ன நேரம்.
எப்ப நிறுத்துவோம்: ஒரு நாளைக்கு அரை மணிக்கு மேல லைன் நின்னா.
யார் பொறுப்பு: அந்த ஹெல்பர், அவங்க கூட ஒரு டைலர்.

ரெண்டாவது வரிதான் உயிர். எல்லாரும் விடறதும் அதைத்தான். முன்னாடியே எழுதலைன்னா முடிவு எப்படி வந்தாலும் "நான்தான் அப்பவே சொன்னேனே"ன்னு நாலு பேர் வருவாங்க, யாரும் எதையும் கத்துக்க மாட்டாங்க. மாஸ்டர் ஒரு நம்பர் சொல்லட்டும், ஹெல்பர் ஒரு நம்பர் சொல்லட்டும், ரெண்டையும் பேரோட எழுதுங்க. பந்தயம் மாதிரி ஆயிடும், ஆளுங்களும் ஆர்வமா பாப்பாங்க. (மாஸ்டர் "லைன் நிக்கும் பாரு"ன்னாரு. அவரு பக்கம் கொஞ்சம் நியாயம் இருந்துச்சு, கீழ வருது.)

மூணாவது வரியில எப்பவும் ரெண்டு எண்ணிக்கை வேணும், நல்லாவ வேண்டியது ஒண்ணு, கெட்டுப் போகக்கூடியது ஒண்ணு. ஒண்ணை மட்டும் எண்ணினா தொல்லை பக்கத்து டேபிளுக்கு இடம் மாறினது தெரியாமப் போயிடும்.

ஒரு நேரத்துல ஒரே ஒரு மாத்தம். கட்டு முறையையும் மாத்தி ஸ்டிக்கரையும் மாத்தினா குழம்புல உப்பையும் புளியையும் ஒண்ணா கூட்டிட்டு எதால ருசி வந்துச்சுன்னு கேக்கற கதைதான்.

6. ஒரே டேபிள்ல ஓட்டுங்க

ஒரு லைன் புது முறையில, பக்கத்து லைன் பழைய முறையில, ரெண்டுக்கும் ஒரே துணி, ஒரே ஆர்டர். பக்கத்து லைன் எதுக்குன்னா, அந்த வாரம் வந்த துணியே நல்ல துணியா இருந்தா ரெண்டு லைன்லயும் கொறையும், அப்ப அது உங்க ஐடியாவால இல்லன்னு தெரிஞ்சிடும்.

ஒரு முழு வாரம் ஓடணும். திங்கக்கெழமை ஆள் கம்மி, சனிக்கெழமை கூலி நாள், எல்லாரும் பீஸ் எண்ணிக்கை ஏத்த பறப்பாங்க, ரெண்டு நாளும் கணக்குல வரணும். செவ்வாய், புதன் மட்டும் பாத்துட்டு சூப்பர்னு சொன்னது எல்லாம் அந்த சனிக்கெழமையே ஊத்திக்கும்.

எல்லா லைன்லயும் ஒரே நாள்ல மாத்தணும்னு ஓனருக்கு கை அரிக்கும். நம்ம பெரம்பூர் ஐசிஎஃப் ரயில் பெட்டி ஃபேக்டரியில செஞ்ச ட்ரெயின் 18, அதான் இன்னிக்கு வந்தே பாரத், அதையே 2018 டிசம்பர்ல கோட்டா, சவாய் மாதோப்பூர் நடுவுல 180 கிலோமீட்டர் வேகம் வரைக்கும் ஓட்டிப் பாத்துட்டுத்தான் 2019 பிப்ரவரி 15ல டெல்லி-வாரணாசிக்கு கொடி அசைச்சாங்க. அதுவும் மொதல்ல ஒரே ஒரு ரேக்கு, அதாவது ஒரு முழு ரயில். சட்டை லைனுக்கு என்ன அவசரம்?

ட்ரையல் ஓடும்போது கூப்ட்டா ஓடி வர்ற ஆள் ஒருத்தர் இருக்கணும். டொயோட்டா ஃபேக்டரியில லைன்ல பிரச்சனைன்னா தொழிலாளி ஒரு கயிறை இழுப்பாரு, லைன் நிக்கும்னுதான் எல்லாருக்கும் தெரியும். ஆனா மொதல்ல நடக்கறது டீம் லீடர் அங்க வந்து நிக்கறதுதான், குறிச்ச எடத்துக்குள்ள சரியாகலைன்னாத்தான் லைன் நிக்கும். நம்மாளுங்க அங்க போய் பாத்துட்டு வந்து கயிறை மட்டும் கட்டிடறாங்க, ஓடி வர்ற ஆளை வைக்கறதில்ல.

7. உக்காந்து பாருங்க

வாரக் கடைசியில அரை மணி நேரம், அந்த நோட்டை தெறந்து வச்சுக்கிட்டு. என்ன நெனச்சோம், என்ன நடந்துச்சு, ஏன் மாறுச்சு, அடுத்து என்ன? இந்த நாலு கேள்வி போதும். மொதல்ல பேச வேண்டியது ட்ரையல் பண்ணவங்க, ஓனர் கடைசியா. ஓனர் மொதல்ல பேசிட்டா மீதி எல்லாம் "ஆமா சார்"தான்.

நம்ம ஒரே கட்டு என்ன ஆச்சு? ஷேடு மாறினது 100க்கு ரெண்டு மூணுன்னு இறங்கிடுச்சு, அதுல ஹெல்பர் ஜெயிச்சாங்க. ஆனா காலர் தைக்கறவங்க ஒவ்வொரு கட்டையும் பிரிச்சு காலரை மட்டும் உருவி, பாடியை மறுபடி கட்டி அனுப்ப வேண்டியிருந்துச்சு, அதுல மெஷின் நின்னுக்கிட்டே இருந்துச்சு, அதுல மாஸ்டர் ஜெயிச்சாரு. ஏன்னு பேசும்போதுதான் விஷயம் வந்துச்சு, ஒண்ணா கட்டணும்ங்கறது தேவையே இல்ல, எது எந்த தானுன்னு தூரத்துல இருந்து தெரிஞ்சா போதும். காலர் தைக்கற அக்காதான் சொன்னாங்க: கட்டிங் வேஸ்ட்ல கலர் கலரா நாடா கெடக்குதே, ஒரு தானுக்கு ஒரு கலர்னு காலர் கட்டுக்கும் பாடி கட்டுக்கும் அதையே கட்டினா என்ன? அடுத்த வாரம் அது. செலவு சைபர், ஸ்டிக்கர் மாதிரி விழவும் விழாது.

மொத ட்ரையல் தோத்துச்சுன்னு மூடி வச்சிருந்தா இந்த நாடா வந்திருக்காது. அதனால தோத்த பக்கத்தையும் கிழிக்காம வைங்க, புதுசா வர்ற சூப்பர்வைசர் அதே ஒரே கட்டு ஐடியாவை கண்டிப்பா ஒரு நாள் கொண்டு வருவாரு, அப்ப அந்தப் பக்கத்தை காட்டலாம்.

8. முடிவை அன்னிக்கே சொல்லுங்க

வச்சுக்கறோம், மாத்தி இன்னொரு வாரம் பாக்கறோம், விட்டுடறோம். இந்த மூணுல ஒண்ணு, அதே அரை மணி நேரத்துல, போர்டுல எழுதணும். "பாக்கலாம்"ங்கறது முடிவு இல்ல.

9. வச்சுக்கறதுன்னா சொல்லிக்குடுங்க

மத்த லைனுக்கு சுற்றறிக்கை ஒட்டினா நடக்காது. கண்டுபிடிச்சவங்களையே அனுப்பி சொல்லிக்குடுக்க வைங்க, அந்த நேரத்துக்கும் கூலி உண்டு. சொல்லிக்குடுக்கற முறை: என்ன செய்யணும், அதுல எந்த எடத்துல உஷாரா இருக்கணும், ஏன். இந்த "ஏன்" இல்லாம குடுத்தா ரெண்டாவது வாரமே நாடா கலர் இஷ்டத்துக்கு மாறிடும். அப்புறம் அவங்க செஞ்சு காட்டட்டும், செய்யும்போதே ஏன்னு அவங்க வாயால சொல்லட்டும், நீங்க பேசாம பாருங்க. போன்ல ஒரு நிமிஷ வீடியோ எடுத்து யூனிட் வாட்ஸ்அப் குரூப்ல போட்டுடுங்க, புதுசா சேர்றவங்களுக்கு அது உதவும்.

ஒரு மாசம் கழிச்சு மறுபடி ஒரு வாரம் எண்ணுங்க. இதை யாருமே செய்யறதில்ல, ஆனா பழைய பழக்கம் சத்தமில்லாம திரும்பி வர்றது இந்த நேரத்துலதான்.

10. பரிசு, அடுத்தது

மிச்சமான பணத்துல இத்தனை சதவீதம்னு ஆரம்பிக்காதீங்க, யாரோட ஐடியான்னு சண்டை வரும், மேல பாத்தீங்கல்ல, நாடா ஐடியா ஹெல்பரோடதா காலர் அக்காவோடதா? ட்ரையல்ல இருந்த எல்லாருக்கும் ஒரே சின்ன தொகை, ஜெயிச்சாலும் தோத்தாலும், அந்த வாரமே. தோத்ததுக்கு எதுக்குன்னு ஓனர் கேப்பாரு. ஜெயிச்சாத்தான் காசுன்னா ஜெயிக்கும்னு தெரிஞ்சதை மட்டும்தான் கொண்டு வருவாங்க, அதுக்கு ட்ரையலே தேவையில்ல.

ஒரு நேரத்துல ஒரு ட்ரையல், மொத ரெண்டு மூணு முடியற வரைக்கும் அதுக்கு மேல வேணாம். அவசர ஆர்டர் வந்தா ட்ரையலை நிறுத்திட்டு போர்டுல "நிறுத்தி வச்சிருக்கோம்"னு தேதி போட்டு எழுதுங்க, எழுதாம விட்டா செத்துப் போச்சுன்னு நெனச்சுக்குவாங்க. மூணு மாசம் கழிச்சு நோட்டை பொரட்டிப் பாருங்க. எல்லாப் பக்கமும் வெற்றின்னு இருந்துச்சுன்னா சந்தோஷப்படாதீங்க, ஒண்ணு ஏற்கனவே தெரிஞ்சதையே திரும்ப செஞ்சிருக்காங்க, இல்ல தோத்ததை யாரோ எழுத விடாம தடுக்கறாங்க. அப்ப மறுபடி ஒண்ணாவது ஸ்டெப்புக்குப் போய் கூலி சரியா போய்ச் சேருதான்னு விசாரிங்க.